பெயர் அறுந்த கோப்பு

"சார், பழசெல்லாம் டிலீட் பண்ணிட்டேன் லா. போல்டர தொறந்து பாத்தா ஒண்ணும் இல்ல. ஆனா இடம் மட்டும் வரமாட்டேங்குது. சரக்கு போயிருச்சு, கிடங்கு மட்டும் நெறஞ்சே இருக்கு. என்ன கம்ப்யூட்டர் சார் இது?"

இப்படி என்னைத் தொலைபேசியில் அழைத்தவர், மலேசியாவின் சுங்கைப் பட்டாணி நகரில் மிளகாய், மல்லி, மசாலா அரைக்கும் மில்லின் முதலாளி. மில்லின் கேமராக்கள் எடுக்கும் படங்களைச் சேர்த்துவைக்கும் கணினியை அமைத்துக் கொடுத்தவன் நான். ஜித்ராவில் ஒரு கல்லூரியின் கணினிப் பிரிவில் யூனிக்ஸ் இயந்திரங்களைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றவனுக்கு வேலை இருக்காது என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அதனால் யாருடைய கணினி படுத்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள், டீ கொடுப்பார்கள், நன்றி என்பார்கள்.

அந்த அழைப்புக்குச் சில வாரங்களுக்கு முன் அதே மில்லில் ஒரு பெண்ணின் வலது கை விரல்கள் போயிருந்தன. கட்டைவிரல் மட்டும் மிச்சம். மிளகாய் அரைக்கும் இயந்திரத்தின் வாயில் எப்போதும் ஒரு கம்பி வலை இருக்கும். கை உள்ளே போகாமல் தடுக்க அது. வலை இருந்தால் மிளகாய் மெதுவாக இறங்கும், தீபாவளி ஆர்டரோ காத்திருக்காது. எனவே முதலாளியின் மகன், சின்ன முதலாளி என்று எல்லோரும் கூப்பிடும் ஆள், காலையிலேயே ஸ்பேனரோடு வந்து வலையைக் கழற்றி ஓரமாக வைத்தான். அவள் சொன்னது அது. முதலாளி சொன்னது வேறு: அவளே வலையைக் கழற்றினாள், இடது கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டே வலது கையை உள்ளே விட்டாள்.

போன் என்ற சொல்லுக்கு ஒரு வசதி உண்டு. பெண் ஒருத்தியைப் பற்றிச் சொன்னால் யாரும் சாட்சி கேட்பதில்லை. எங்கள் குடியிருப்பான பாக்கார் ஆராங்கில் அவள் இருந்தது என் வீட்டுக்குப் பின்சந்தில். விபத்து நடந்து சில நாட்களுக்குள் சந்து முழுக்க அவள் யாரோடு பேசிக்கொண்டிருந்தாள் என்பதுவரை முடிவு செய்துவிட்டது. மாமியார் யான் என்ற ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, மருத்துவமனைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, போனை வாங்கிக் கொடுத்த மகனைத் திட்டிவிட்டுப் போனார். கணவனும் அதே மில்லில் மூட்டை தூக்குபவன். மனைவி சொன்னதை நம்பினானா, முதலாளி சொன்னதை நம்பினானா என்று கேட்டால், இரண்டையும் முறைப்படி நம்பினான். வீட்டில் ஒன்று, வேலையிடத்தில் ஒன்று.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. தொழில் பாதுகாப்பு அதிகாரி எழுதப்போகும் அறிக்கையில், 'அவள் கையில் போன் இல்லை, வலையை அவள் கழற்றவில்லை' என்ற வரி. அதை என்னிடம் அவளே சொன்னாள். நஷ்ட ஈடு வரும்போது வரட்டும் அங்கிள், அது வேற கதை, இந்தப் பேச்சு மட்டும் போகணும் என்றாள். கேமரா பார்த்திருக்குமே என்றும் கேட்டாள். கேமரா பார்த்திருந்தது. இயந்திரத்துக்கு நேர் மேலே, நான் ஏணி போட்டு மாட்டிய கேமரா. ஆனால் அதிகாரி கேட்டபோது அந்த நாளின் படம் இல்லை. "இடம் இல்லாததால் பழையதை அழித்தோம்" என்று முதலாளி சொல்லியிருந்தார். அதிகாரியும் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அதன் பிறகுதான் எனக்கு அந்தத் தொலைபேசி.

மில்லுக்குப் போனேன். அலுவலக அறையில் முதலாளியின் மேசைக்குப் பக்கத்தில், சரஸ்வதி படத்துக்குக் கீழே, கணினி உறுமிக்கொண்டிருந்தது. மிளகாய்த் தூள் படிந்து அது சிவப்பு நிறமாகியிருந்தது. முதலாளி என் பின்னால் நின்று உளுந்து வடை தின்றார். நான் உட்கார்ந்து, எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் கட்டளையைத் தட்டினேன். வரிசையாக வந்தது. பல வரிகளின் கடைசியில் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்பு. அதில் ஒன்று அந்த நாளின் கோப்பு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். யூனிக்ஸில் கோப்பு வேறு, கோப்பின் பெயர் வேறு. என்னிடம் வேலை கற்க வந்த பட்டதாரிகளில் பாதிப் பேருக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. அது அவர்களின் பதவி உயர்வுக்கு இடைஞ்சலாகவும் இருக்கவில்லை. கோப்பு வட்டில் ஏதோ ஓரிடத்தில் கிடக்கிறது. பெயர் என்பது கோப்புறையில் எழுதி வைத்த ஒரு வழிகாட்டல், அவ்வளவுதான். ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போது மட்டும் பெயரைச் சொல்லிக் கேட்கிறது. திறந்ததும் கணினி அதற்கு ஒரு சின்ன எண்ணைக் கொடுத்துவிடும். அப்புறம் எழுதுவது, படிப்பது எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். பெயர் இருக்கிறதா, செத்ததா என்று நிரல் திரும்பிப் பார்ப்பதில்லை. நாம் 'அழி' என்றால் கணினி பெயரை மட்டும்தான் அறுக்கிறது. கோப்பு அப்படியே கிடக்கும், யாராவது ஒரு நிரல் எண்ணைக் கையில் வைத்திருக்கும் வரை. கடைசி நிரலும் கையை விட்ட பிறகுதான் கணினி அந்த இடத்தைக் காலி என்று எடுத்துக்கொள்ளும்.

எங்கள் பாக்கார் ஆராங் இதற்கு நேர்மாறு. மலாயில் கரி சுடுமிடம் என்று பொருள். கரியும் இல்லை, சுடுகிறவனும் இல்லை, பெயர் மட்டும் பலகையில் தொங்குகிறது. ஆனால் அவளும் கணவனும் முன்பு குடியிருந்து விட்டு வந்த தோட்டம் யூனிக்ஸ் முறைப்படி நடந்தது. தோட்டத்தை விற்றார்கள், பலகையைப் பிடுங்கினார்கள், வரைபடத்திலிருந்தே அதன் பெயர் போனது. ஆனாலும் தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் இவர்கள் இருந்தவரை வாங்கியவனால் ஒரு செங்கல்லை அசைக்க முடியவில்லை. இவர்கள் சாவியைக் கொடுத்த மறுநாளே புல்டோசர் வந்தது.

மில்லில் நடந்ததும் அதுதான். நான் போட்டிருந்த பதிவு நிரலுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒவ்வொரு நாளும் புதுக் கோப்பைத் திறக்கும், பழையதை மூட மறந்துவிடும். அவ்வப்போது நான் போய் நிரலை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டால் சரியாகும். கொஞ்ச காலமாக நான் போகவில்லை. முதலாளி பெயரை அறுத்தார். நிரல் எண்ணை விடவில்லை. அவர் அழித்தது எல்லாம் உள்ளே முழுசாக இருந்தது. கிடங்கு நிறைந்தே இருக்கிறது என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அவர் அந்த மாதத்தில் சொன்ன உண்மை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அப்போதே எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம், அந்த எண் வழியாகக் கோப்பைப் பிரதி எடுக்க ஒரே ஒரு கட்டளை போதும். எங்கே எடுத்து வைப்பது? வட்டில் கழுத்துவரை இடமில்லை. என் சட்டைப் பையில் இருந்த பென் டிரைவில் ஒரு நாளின் படத்தில் கால்வாசி கூட அடங்காது. பின்னால் வடையோடு முதலாளி. அதைவிட முக்கியமான காரணம், இப்படித் திருட்டுத்தனமாக எடுத்த படத்தை எந்த விசாரணையும் சீந்தாது. யார் எடுத்தது, எப்போது எடுத்தது, நடுவில் யார் கை வைத்தது என்று கேட்பார்கள். அதிகாரி முன்னிலையில், அவருடைய வட்டில், அவருடைய கையெழுத்தோடு எடுக்க வேண்டும். அதுதான் முறை. முறை தெரியாதவர்கள்தான் அவசரப்படுவார்கள்.

எனவே முதலாளியிடம் வட்டுக்கு நோய் என்று சொன்னேன். அணைத்தால் திரும்பி எழுந்திருக்காமலும் போகலாம், புது வட்டு வாங்கி வருகிறேன், அதுவரை சுவிட்ச் பக்கம் யாரும் போகக் கூடாது என்று சொல்லி, ஒரு தாளில் 'தொடாதே' என்று தமிழிலும் மலாயிலும் பெரிதாக எழுதி, கணினியின் நெற்றியில் ஒட்டினேன். அவர் கவலையோடு அதைத் தடவிப் பார்த்தார். பாவம் சார், ராத்திரி பகலா ஓடுது என்றார். விரல் போன பெண்ணைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனபோதும் இவ்வளவு கனிவு அவர் முகத்தில் இருந்திருக்குமா, தெரியவில்லை.

அதிகாரியை அழைத்தேன். நல்ல மனிதர், மலாய்க்காரர், நான் சொன்னதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அழிந்த கோப்பு எப்படி இருக்கும் என்று அவருக்குக் குழப்பம். பிறகு புரிந்தது. எதையும் தொட வேண்டாம், நானே வட்டோடு வருகிறேன், அடுத்த வார ஆரம்பத்தில் என்றார். நடுவில் ஒரு நாள் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவருடைய நாட்காட்டியில் அன்று ஒன்றும் இல்லை. ஆயுத பூசைக்கு அரசாங்கம் விடுமுறை விடுவதில்லை.

ஆயுத பூசையைப் பற்றி எனக்குத் தெரியாமலா? எங்கள் கல்லூரியிலேயே என் கீழிருந்த பையன்கள் சர்வருக்குச் சந்தனம் வைப்பார்கள். மில்லில் அது வருடத்தின் பெரிய நாள். எல்லா இயந்திரத்தையும் நிறுத்திக் கழுவித் துடைப்பார்கள். அந்தந்த இயந்திரத்தில் வேலை செய்கிறவர் அந்தந்த இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட வேண்டும். அது மில் வழக்கம். ஓடும் இயந்திரத்துக்குப் பூசை கிடையாது. அன்று அது உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதனால் கணவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். அந்தப் பெட்டிக்குள் அவள் சொன்னதற்குச் சாட்சி இருக்கிறது. ஓடும்வரை இருக்கும். அடைத்தால், அதாவது சுவிட்ச்சை அணைத்தால், போய்விடும், திரும்பத் திறந்தாலும் வராது. பூசையன்று அதை மட்டும் ஓடவிடு, மாலை போட வேண்டுமென்றால் ஓடும்போதே போடு. புரிந்தது என்றான். மனைவியும் பக்கத்தில் இருந்தாள். அவள் அவனைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவன் திரும்பச் சொன்னான், என்னைவிடத் தெளிவாக. போதாததற்கு, பூசை நேரத்தில் நானும் அங்கே இருப்பதாகச் சொன்னேன். பதினொரு மணிக்கு என்று முதலாளி அழைத்திருந்தார்.

நான் பதினொன்றுக்குப் போனபோது எல்லோரும் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். குருக்களுக்கு வேறொரு தொழிற்சாலையில் பூசை ஒத்துக்கொண்டாகிவிட்டதாம், அதனால் ஒன்பதுக்கே வந்து முடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. என் தட்டில் பொரியும் வாழைப்பழமும் வந்தன. அலுவலகக் கதவருகே நின்றேன். அந்த அறையில் கணினியின் விசிறிச் சத்தம் எப்போதும் இருக்கும், யாருக்கும் காதில் விழாது. அன்று அது இல்லை என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

நடந்தது இதுதான். முதலாளி அவளையும் வரச் சொல்லியிருந்தார். அவளுடைய இயந்திரத்துக்கு அவளே பொட்டு வைக்க வேண்டும், வழக்கத்தை மாற்றினால் ஆகாது என்று. அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். கொடுமைக்கு எப்போதும் கெட்ட மனது தேவைப்படுவதில்லை. அவள் கட்டுப் போட்ட கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தாள். தன் விரல்களைத் தின்ற இயந்திரத்தின் முன் நின்றாள். கழுவித் துடைத்து, கம்பி வலையும் மாட்டி, அது மணப்பெண் மாதிரி நின்றது. வலை அன்று இருந்தது. சந்தனக் கிண்ணத்தை எடுக்க அவள் இடது கையை நீட்டினாள்.

பொட்டலம் கட்டும் பிரிவில் மூத்த ஒருத்தி சொன்னாள்: "இடது கையால வேணாம்மா. சாமி காரியம்."

இன்னொருத்தி சிரிக்காமல் சொன்னாள்: "இடது கையிலதான் போன் இல்லையே இப்ப."

யாரோ சிரித்ததாக அவள் பிறகு என்னிடம் சொன்னாள். யார் என்று அவள் பார்க்கவில்லை. முதலாளி சமாளிக்கும் வகையில் கணவனைக் கூப்பிட்டுத் தட்டை அவன் கையில் கொடுத்தார். புருஷன் வைத்தாலும் அவள் வைத்த மாதிரிதான், அப்படியே எல்லாத்துக்கும் நீயே வெச்சிரு தம்பி, நேரமாச்சு என்றார். மூட்டை தூக்குகிறவனுக்கு மில்லில் சொந்தமாக ஒரு இயந்திரமும் கிடையாது. எந்தப் பூசையிலும் தட்டு அவன் கைக்கு வந்ததில்லை. அன்று எல்லா இயந்திரமும் அவனுடையதாயிற்று. வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனான், எல்லோரும் பின்னால் வந்தார்கள், குருக்கள் மணி அடித்தார். கடைசியில் அலுவலகம்.

"அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணும் லா" என்றாராம் முதலாளி. நோயாளி வட்டு என்று நான் சொன்னதை அன்று அவர் மறந்திருந்தார். அல்லது நோயாளிக்குத்தானே ஓய்வு வேண்டும் என்று நினைத்திருப்பார். அவருக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கடைசிவரை தெரியாது. அழிக்க வேண்டியதை அவர் முன்பே அழித்து முடித்துவிட்டார், அவர் கணக்கில்.

கணவன் என் 'தொடாதே' தாளைப் பிய்த்தான். சந்தனம் வைக்க நெற்றி வேண்டும் அல்லவா. சுவிட்ச்சை அடைத்தான். நிரல் செத்தது. கையிலிருந்த எண்களை எல்லாம் கணினி வாங்கிக்கொண்டது. பெயரும் இல்லை, பிடித்திருப்பவரும் இல்லை. பிறகு தாள் இருந்த இடத்தில் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு முழம் மல்லிகை. கற்பூரம் காட்டியதும் நல்ல நேரத்துக்குள் திரும்பத் திறக்க வேண்டும் என்று மற்ற இயந்திரங்களோடு சேர்த்து அதையும் ஓடவிட்டு, ஒரு சுற்றுப் பார்த்து, மறுபடி அடைத்து வைத்திருந்தார்கள்.

அவனைச் சந்துக்கு அழைத்து வந்து கேட்டேன். கோபப்படவில்லை, கோபம் எதற்கும் பயன்படுகிற கட்டம் தாண்டியிருந்தது. அவன் ஒளிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. முகத்தில் இன்னும் பூசையின் சந்தோஷம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"நீங்க சொன்னது ஞாபகம் இருந்துச்சு அங்கிள். ஆனா சும்மா அடைக்கிறது வேற, சாமிக்கு அடைக்கிறது வேற இல்லையா? ஓடுற மெஷினுக்குப் பொட்டு வெச்சா ஏத்துக்காது. நல்லா கும்பிட்டுத்தான் அடைச்சேன். நம்ம பக்கம் பேசணும்னு வேண்டிக்கிட்டேன்."

மற்ற இயந்திரங்களை விட அதற்குத்தான் நிறையச் சந்தனம் வைத்ததாகவும் சொன்னான்.

அதிகாரி சொன்ன நாளில் சரியாக வந்தார், சீல் வைத்த புது வட்டோடு, இரண்டு படிவங்களோடு. முதலாளியும் மகிழ்ச்சியாக இருந்தார். என்னிடம் வட்டு சுகமாகிவிட்டது என்றார். அடைச்சுத் தொறந்தா போதுமாம் சார், இடம் எல்லாம் வந்துருச்சு, அந்தத் தம்பிதான் பண்ணான், படிக்காத பையன், உங்களுக்கே தோணல பாருங்க. நான் ஆமாம் என்றேன். பூசைக்கு மறுநாளே மில்லோடு கணினியும் ஓடத் தொடங்கியிருந்ததால், காலியான இடத்தில் கேமரா அதற்குள் புதுப் படங்களை நிரப்பியிருந்தது. என்னிடம் இருந்த எல்லாக் கருவிகளையும் வைத்துத் தோண்டினேன். துண்டு துண்டாகச் சில கிடைத்தன: பின்வாசல், மூட்டை இறக்கும் லாரி, யாருமில்லாத நடை. அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். பிறகு படிவத்தில் எழுதினார். இருக்கும் சாட்சிகள் என்று முதலாளி, சின்ன முதலாளி, பொட்டலப் பிரிவுப் பெண்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. முறைப்படி எழுதினார்.

அன்று மாலை பின்சந்துக்குப் போனேன். அறிக்கையில் என்ன வரும் என்று அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, மலாயில் வரப்போகும் கடிதத்தைக் கணவன் படித்துச் சொல்வதைவிட அது மேல் என்று நினைத்தேன். அவள் இடது கையால் பச்சை மிளகாய் நறுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். பலகை நழுவாமல் இருக்க முழங்கையை ஊன்றியிருந்தாள். கணவன் வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதை முழுசாகக் கேட்டாள். கோப்பு, எண், பெயர் எல்லாவற்றையும் மறுபடி கேட்டாள். நன்றாகப் புரிந்துகொண்டாள் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அடுத்து ஒன்றுதான் கேட்டாள்.

"மொதலாளி அழிச்சது அழியல. இவர் கும்பிட்டதுதான் அழிச்சிருச்சு. அப்படித்தானே?"

அப்படித்தான் என்றேன். இந்த வயதில் பொய் சொல்லிப் பழக நேரமில்லை.

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அவன் ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தான். அவனுக்குக் கேட்டிருக்கும், சந்து அவ்வளவு குறுகல். அவன் நிமிரவில்லை.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா ஒரு தட்டில் பலகாரத்தோடு உள்ளே வந்தாள். என்னைக் கண்டு தயங்கி, ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டாள். ஆபீசர் வந்தாராமே, என்னம்மா முடிவு, நெசமாவே போன்தானா?

அவள் தட்டை இடது கையால் வாங்கி வைத்தாள்.

"ஆமாங்க்கா" என்றாள். "போன்தான் பேசிக்கிட்டிருந்தேன்."

வாசலில் துடைக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது, முன்னைவிட நிம்மதியாக.